ஒட்டுவதா, தடுப்பதா? விமான மாடலில் டேப் வைத்து மேடு எடுப்பது

கரிவலம்வந்தநல்லூரில் பதிவு செய்த உரையாடலின் திருத்திய எழுத்து வடிவம் இது. எங்களோடு பேசியவர் முப்பது வருஷத்துக்கு மேலாக வீட்டு மாடியில் உட்கார்ந்து விமான மாடல் செய்கிறவர். பெயர் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டதால் "அண்ணாச்சி" என்றே குறித்திருக்கிறோம். கேட்கும்போது புரிந்து, படிக்கும்போது புரியாத இடங்களை மட்டும் திருத்தியிருக்கிறோம். பேச்சு நடையைக் கூடியவரை அப்படியே விட்டிருக்கிறோம்.

மேடு என்றால் எது?

தொகுப்பாளர்: அண்ணாச்சி, போன தடவை பேனல் கோடு கீறுவதைப் பற்றிப் பேசினோம். அது பள்ளம். இந்தத் தடவை மேடு. விமானத்தின் மேல் எது எது மேடாக இருக்கும்?

அண்ணாச்சி: விமானம் வழவழன்னு இருக்கும்னு நாம நினைக்கோம். கிட்டப் போய்ப் பார்த்தா அப்படி இல்லை தம்பி. கதவு ஓரத்துல, ஏரியல் அடியில பலத்துக்காக இன்னொரு தகடு வச்சு ரிவெட் அடிச்சிருப்பாங்க. அடிபட்ட இடத்துல ஒட்டுத்தகடு இருக்கும், பழைய வேட்டியில ஒட்டுப் போட்ட மாதிரி. கண்ணாடிக் கூண்டுக்குச் சட்டம் இருக்கும். துணி போர்த்த பழைய விமானம்னா, இறக்கையில ஒவ்வொரு ரிப் மேலயும் ஒரு பட்டை ஓடும். இதெல்லாம் மேடு.

பள்ளம்னா ஊசியை வச்சுக் கீறிடலாம். மேடுக்கு மேல ஏதாவது ஏத்தியாகணும். அதுக்கு மலிவான வழி டேப். வெட்டி ஒட்டினா முடிஞ்சுது, பிடிக்கலைன்னா உரிச்சிடலாம்.

தொகுப்பாளர்: அப்ப வேலை சுலபம்.

அண்ணாச்சி: ஒட்டுறது சுலபம்தான். எவ்வளவு உயரம்ங்கிற இடத்துலதான் எல்லாரும் சறுக்குவோம். நானும் சறுக்கியிருக்கேன்.

டாடா ஓட்டிய விமானமும் ஒரு விரலும்

தொகுப்பாளர்: எப்படிச் சறுக்கினீங்க?

அண்ணாச்சி: 1932 அக்டோபர் 15-ஆம் தேதி ஜே.ஆர்.டி. டாடா கராச்சியில் இருந்து அகமதாபாத் வழியா பம்பாய்க்குத் தபால் கொண்டுவந்தார் இல்லையா? பம்பாய்ல இருந்து நெவில் வின்சென்ட் அந்தத் தபாலை வாங்கி, பெல்லாரி வழியா சென்னைக்குக் கொண்டுபோனார். டாடா ஓட்டிவந்தது டி ஹாவிலாண்ட் புஸ் மாத். ஒத்தை எஞ்சின், தலைக்கு மேல இறக்கை, மூடின கேபின். இறக்கையில மரச்சட்டம், உடம்புல இரும்புக் குழாய்ச் சட்டம், ரெண்டுக்கும் மேல துணி.

நம்ம ஊருக்குத் தபால் வந்த கதை, அதனால செய்யணும்னு ஆசை. பால்சாவும் பிளாஸ்டிக் ஷீட்டும் வச்சு 1/48-ல நானே செஞ்சேன். அசல் இறக்கை நுனிக்கு நுனி 11.2 மீட்டர். 48-ஆல வகுத்தா 233 மில்லிமீட்டர். கையில பிடிக்க அருமையான அளவு. இறக்கைப் பட்டைக்கு மாஸ்கிங் டேப்பை ஒரு மில்லிமீட்டர் அகலத்துல கீறி ரிப்புக்கு ரிப்பு ஒட்டினேன். மேல சில்வர் பெயிண்ட். எனக்கு ரொம்பத் திருப்தி.

பறக்கும் கிளப் ஒண்ணுல அந்தக் காலத்துத் துணி வேலை செஞ்ச பெரியவர் ஒருத்தர் பார்க்க வந்தார். ஒண்ணும் பேசலை. விரலை இறக்கை மேல வச்சு நுனி வரைக்கும் ஒரு இழு இழுத்தார். "தம்பி, இது இறக்கை இல்ல, மரப்படி"ன்னார். அவ்வளவுதான்.

தொகுப்பாளர்: மனசு கஷ்டப்பட்டிருக்குமே.

அண்ணாச்சி: ரெண்டு நாள் அந்தப் பக்கமே போகலை. அப்புறம் அவர்கிட்டயே போய் உட்கார்ந்தேன். அந்தப் பட்டை எதுக்குன்னு எனக்குத் தெரியாமலே நான் ஒட்டியிருக்கேன்னு அப்பதான் புரிஞ்சுது.

அசல் விமானத்திலும் அது டேப்தான்

தொகுப்பாளர்: எதுக்கு அந்தப் பட்டை?

அண்ணாச்சி: துணியை இறக்கை மேல போர்த்தி ஓரத்துல மட்டும் ஒட்டினா போதாது. பறக்கும்போது இறக்கைக்கு மேல காற்றழுத்தம் குறையும். துணியை மேல உறிஞ்சி இழுக்கும். அதனால ரிப்போட துணியைச் சேர்த்து நூலால தைப்பாங்க. சில அங்குலத்துக்கு ஒரு முடிச்சு, ரிப் நீளத்துக்கும். அந்த முடிச்சு வரிசை காத்துல அடிபடாம இருக்க, மேல ஒரு துணிப் பட்டையை டோப்னு ஒரு திரவம் போட்டு ஒட்டுவாங்க. நம்ம டெய்லர்கிட்ட பல்லு பல்லா வெட்டுற ஜிக்ஜாக் கத்தரி இருக்கும்ல? அந்தப் பட்டைக்கும் ஓரத்தை அப்படி வெட்டுற வழக்கம் உண்டு. நூல் பிரியாது, ஓரம் நல்லாப் பிடிக்கும்.

டோப் காஞ்சா துணி சுருங்கி மேளத்தோல் மாதிரி விறைக்கும். ரிப்புக்கு ரிப்பு நடுவுல துணி தொய்ஞ்சு குழி விழுந்த மாதிரி நாம செய்றோம் பாருங்க, பட்டினி கிடந்த மாட்டு விலா மாதிரி, அப்படியெல்லாம் அசல்ல இருக்காது.

இப்ப கணக்குக்கு வாங்க. அந்தத் துணிப் பட்டை, அதுக்கு அடியில நூல், முடிச்சு எல்லாம் சேர்ந்தாலும் ஒரு மில்லிமீட்டர் பக்கம்தான் உயரம் வரும். முடிச்சு இல்லாத இடத்துல அதுவும் கிடையாது. ஒரு மில்லிமீட்டரை 48-ஆல வகுங்க. 0.02 மில்லிமீட்டர். நான் ஒட்டின மாஸ்கிங் டேப் 0.13. அசல் அளவுக்கு மாத்தினா ஆறு மில்லிமீட்டருக்கும் மேல. பெரியவர் விரல் சரியாத்தான் சொல்லியிருக்கு.

கடையில் கிடைக்கும் டேப்புகளின் கனம்

தொகுப்பாளர்: கனத்தை எப்படி அளக்கிறது? எல்லார்கிட்டயும் மைக்ரோமீட்டர் இருக்காதே.

அண்ணாச்சி: லேத் பட்டறையில கேட்டா அளந்து தருவாங்க. அதுவும் வேண்டாம்னா, கண்ணாடித் துண்டுல இருபது அடுக்கு ஒண்ணு மேல ஒண்ணா, காத்து இல்லாம அழுத்தி ஒட்டுங்க. ஸ்கேலை வச்சு மொத்த உயரத்தைப் பாருங்க. ஒரு மில்லிமீட்டர் வந்தா ஒரு அடுக்கு 0.05. அவ்வளவுதான்.

நான் சங்கரன்கோவில் கடைகள்ல வாங்கி அளந்த கணக்கைச் சொல்றேன். உங்க ஊர்ல கொஞ்சம் மாறும், நீங்களே அளந்துக்கிடுங்க. ஸ்டேஷனரி கடையில கிடைக்கிற தெளிவான செல்லோ டேப் 0.05. ஏ.சி. மெக்கானிக் பயன்படுத்துற அலுமினியம் டேப், பசையோட சேர்த்து 0.08. மாஸ்கிங் டேப் 0.13. எலக்ட்ரிக் கடை இன்சுலேஷன் டேப்பும் கிட்டத்தட்ட அதே கனம்தான். சாப்பாடு சுத்துற அலுமினியம் ஃபாயில் 0.011. அது டேப் இல்ல, பசை கிடையாது. ஆனா நம்ம வேலைக்கு அதுதான் தங்கம்.

ஒவ்வொண்ணையும் உங்க மாடல் அளவால பெருக்குங்க. செல்லோ டேப்பை 1/72 மாடல்ல ஒட்டினா அசல்ல 3.6 மில்லிமீட்டர் மேடு. 1/48-ல 2.4. 1/32-ல 1.6. இன்சுலேஷன் டேப்பை 1/72-ல ஒட்டினா ஒன்பது மில்லிமீட்டருக்கு மேல. விமானத்துல ஒன்பது மில்லிமீட்டர் கனத்துல எது இருக்கும்னு யோசிச்சுப் பாருங்க, அதுக்கு மட்டும் அதைப் பயன்படுத்துங்க.

தொகுப்பாளர்: அப்ப விதி என்னன்னா, முதல்ல அசல் கனம், அப்புறம்தான் டேப்.

அண்ணாச்சி: ஆமா. நாம தலைகீழாச் செய்றோம். மேசையில எந்த டேப் இருக்கோ அதை ஒட்டிட்டு, "எடுப்பா இருக்கு"ன்னு சந்தோஷப்படுறோம்.

மூன்று வேலை, மூன்று வழி

தொகுப்பாளர்: சரி, வேலை வாரியாப் போவோம். செல்லோ டேப் எதுக்குச் சரியா வரும்?

அண்ணாச்சி: கண்ணாடிக் கூண்டுச் சட்டத்துக்கு. அங்க அசல்லயே சில மில்லிமீட்டர் மேடு உண்டு. அதனால 1/72-ல கூட செல்லோ டேப் கண்ணை உறுத்தாது. டேப்பை ஒரு கண்ணாடியில ஒட்டுங்க. அது மேல முதல்ல கேபின் உள்பக்க நிறம் அடிங்க, காஞ்ச பிறகு வெளி நிறம். தெளிவான கண்ணாடி வழியா உள்ள இருந்து பார்க்கிறவனுக்கு உள் நிறம் தெரியும். அப்புறம் புது பிளேடு, இரும்பு ஸ்கேல் வச்சு மெல்லிசாக் கீறி, கத்தி நுனியால தூக்கிக் கூண்டு மேல வையுங்க. பல்குச்சியால ஓரத்தைத் தேய்ச்சு விடுங்க. பிரஷ் பிடிச்சுக் கோடு இழுக்க வேண்டிய தலைவலி இல்லை.

ஒண்ணு மட்டும்: பிளேடு புதுசா இருக்கணும். பழைய பிளேடு டேப்பை வெட்டாது, இழுக்கும். ஓரம் சுருண்டுக்கும்.

தொகுப்பாளர்: ரெண்டாவது, தகடு மேல தகடு.

அண்ணாச்சி: அதுக்கு ஒரு நல்ல உதாரணம் ஹாக்கர் டைஃபூன். ரெண்டாம் உலகப் போர்ல இங்கிலாந்து விமானப்படை ஓட்டினது. ஆரம்பத்துல பறந்துக்கிட்டு இருக்கும்போதே வால் முறிஞ்சு விழுந்தது. விமானிகள் செத்தாங்க. அவசரத்துக்கு, வால் பகுதி சேருற இணைப்பைச் சுத்தி இருபது சின்னத் தகடு வச்சு ரிவெட் அடிச்சாங்க. அதுலயும் பிரச்சனை முழுசாத் தீரலை. வால் பக்கத்து எலிவேட்டரைச் சமநிலைப்படுத்துற எடையோட பிடிமானம் உடையுறதும் ஒரு முக்கியக் காரணம்னு பிறகு கண்டுபிடிச்சாங்க. ஆனா அந்த இருபது தகடு டைஃபூனோட அடையாளமாவே நின்னுபோச்சு. மாடல்ல அதை விட்டா அந்தக் கதையே விட்டுப்போகும்.

தகடோட கனம் ஒரு மில்லிமீட்டர்னு வச்சுக்கிட்டா, 1/72-ல 0.014. எந்த டேப்பும் ஆகாது. அடுப்படி ஃபாயில் 0.011, பெருக்கினா 0.8 மில்லிமீட்டர். கிட்டத்தட்ட அசல். ஃபாயிலை வழவழப்பான அட்டை மேல விரிச்சு, ஊசியால லேசா அழுத்தி ரிவெட் புள்ளி வையுங்க. அப்புறம் சின்னத் துண்டா வெட்டி, மெல்லிசா வார்னிஷ் தடவின இடத்துல வார்னிஷ் ஒட்டுற பக்குவத்துக்கு வந்ததும் வையுங்க. ஈரமா இருந்தா நழுவும், முழுசாக் காஞ்சா ஒட்டாது. 1/32 மாடல்னா ஏ.சி. அலுமினியம் டேப்பே போதும், பசை அதுலயே இருக்கு.

தொகுப்பாளர்: நம்ம நாட்டு விமானத்துக்கு இது எங்க பயன்படும்?

அண்ணாச்சி: லிபரேட்டர் செய்றவங்க யோசிக்கணும். போர் முடிஞ்சு கான்பூர்ல கைவிடப்பட்டுக் கிடந்த குண்டுவீச்சு விமானங்களை பெங்களூருக்குக் கொண்டுவந்து எச்.ஏ.எல். சரிசெஞ்சு நம்ம விமானப்படைக்குக் கொடுத்தது. 1968 வரைக்கும் பறந்தது. பெட்டியில வர்ற மாடல் தொழிற்சாலையில இருந்து அன்னைக்குத்தான் இறங்கின மாதிரி வழவழன்னு இருக்கும். குப்பையில இருந்து எழுந்து வந்த விமானம் அப்படி இருக்குமா? ஆனா ஒட்டுத்தகடு இருக்கும்னு கற்பனையா இஷ்டத்துக்கு ஒட்டக் கூடாது. நீங்க செய்ற எண்ணுள்ள விமானத்தோட படத்தைத் தேடிப் பார்த்து, தெரியுற இடத்துல மட்டும் வையுங்க. படம் இல்லைன்னா விட்டுடுங்க. பொய் மேட்டைவிட வெறும் இடம் மேல்.

டேப்பை ஒட்டாமல் டேப்பால் மேடு

தொகுப்பாளர்: மூணாவது, துணிப் பட்டை. ஃபாயிலும் அதுக்குச் சரிவராதா?

அண்ணாச்சி: கனம் சரிதான். ஆனா இறக்கை முழுக்க நீள நீளமா ஃபாயில் ஒட்டினா சுருக்கம் விழும். அந்தப் பெரியவர்கிட்டப் பேசிட்டு வந்த பிறகு நான் வேற வழிக்கு வந்தேன். டேப்பை மேடா வைக்காம, தடுப்பா வச்சேன்.

முதல்ல பென்சிலால ரிப் இருக்கிற இடத்தை எல்லாம் கோடு போடுங்க. அசல்ல பட்டை அகலம் சுமார் ரெண்டு அங்குலம், 1/48-ல ஒரு மில்லிமீட்டர், 1/72-ல 0.7. அந்த அகலத்துல மாஸ்கிங் டேப்பைக் கீறி ஒவ்வொரு கோட்டு மேலயும் ஒட்டுங்க. இது சும்மா இடம் பிடிச்சு வைக்க. அப்புறம் ரெண்டு பட்டைக்கு நடுவுல இருக்கிற வெற்றிடத்தை எல்லாம் அகல டேப்பால ஓரத்தோட ஓரம் சேர்த்து மூடுங்க. எல்லாம் மூடின பிறகு, முதல்ல ஒட்டின ஒல்லிப் பட்டையை மட்டும் உரிச்சிடுங்க. இப்ப பட்டை வர வேண்டிய இடம் மட்டும் திறந்திருக்கும்.

அது மேல பிரைமர் அடிங்க. மெல்லிசா ரெண்டு மூணு பூச்சு. முழுசா இறுகுறதுக்கு முன்னாடி, லேசாக் காஞ்ச நிலையில டேப்பை எல்லாம் மெதுவா, பின்னோக்கி மடிச்ச மாதிரி உரிங்க. பிரைமர் கனத்துக்கு ஒரு பட்டை மேடா நிக்கும். 2000 நம்பர் வாட்டர் பேப்பரை நனைச்சு ஒரே ஒரு தடவை தடவுங்க, ஓரத்துல நிக்கிற கூர் போயிடும்.

தொகுப்பாளர்: கையில தெரியுமா?

அண்ணாச்சி: விரல்ல பட்டும் படாமலும் இருக்கும். நேரா வெளிச்சம் பட்டா ஒண்ணுமே தெரியாது. ஜன்னல் பக்கம் சாய்ச்சுப் பிடிச்சா வரிசையா எழும்பி வரும். அசல் விமானமும் அப்படித்தானாம். பெரியவர் சொன்னார், "காலையில வெயில் சாய்வா விழும்போதுதான் பட்டை தெரியும், உச்சி வெயில்ல தெரியாது"ன்னு.

பழைய இறக்கைப் பட்டையை எல்லாம் உரிச்சு, தேய்ச்சு, இப்படியே மறுபடி செஞ்சேன். அவர்கிட்டக் கொண்டுபோனேன். மறுபடியும் விரலை வச்சு இழுத்தார். இந்தத் தடவையும் ஒண்ணும் பேசலை. ஆனா மாடலைக் கீழ வைக்கலை, ரொம்ப நேரம் கையிலயே வச்சிருந்தார். எனக்கு அது போதும்.

வெயில், பசை, இன்னும் சில சறுக்கல்கள்

தொகுப்பாளர்: நேயர்கள் அனுப்பின கேள்வியில ரெண்டு மூணு எடுத்துக்கிறேன். ஒட்டின டேப் ஆறு மாசத்துல ஓரம் தூக்குதுன்னு கேட்டிருக்காங்க.

அண்ணாச்சி: இன்சுலேஷன் டேப்பா இருக்கும். நம்ம பக்கம் சித்திரை வெயில்ல அதோட பசை இளகும். டேப் சுருங்கிப் பின்வாங்கும், பசை ஓரமாப் பிதுங்கும். பிதுங்கின பசையில தூசி ஒட்டிக் கறுப்புக் கோடு விழும். நிரந்தர வேலைக்கு அது வேண்டாம். மத்த டேப்பா இருந்தாலும், ஒட்டுறதுக்கு முன்னாடி அந்த இடத்தை சோப்புத் தண்ணியால துடைச்சு எண்ணெய்ப்பசை போக்குங்க. ஒட்டின பிறகு விரலால தொடாதீங்க. ஓரத்துல மெல்லிசா வார்னிஷ் ஓட விட்டுக் காயவிட்டா, டேப்புக்கும் பிளாஸ்டிக்குக்கும் நடுவுல இருக்கிற சந்து அடைஞ்சிடும். பெயிண்ட் உள்ள போகாது, ஓரமும் தூக்காது.

தொகுப்பாளர்: மேல நிறம் அடிக்க மாஸ்கிங் டேப் ஒட்டி உரிச்சா, அடியில ஒட்டின மேடும் சேர்ந்து வந்துடுதாம்.

அண்ணாச்சி: எனக்கும் வந்திருக்கு. மாஸ்கிங் டேப்பை நேரா மாடல் மேல ஒட்டாதீங்க. முதல்ல உள்ளங்கையிலயோ சட்டையிலயோ ரெண்டு தடவை ஒட்டி எடுங்க. பசை பாதி செத்துடும். உரிக்கும்போது மேட்டோட நீளவாக்குல உரிங்க, குறுக்க இழுத்தா ஓரத்துல மாட்டிக்கும்.

தொகுப்பாளர்: ஆட்டோ பெயிண்ட் கடை பிரைமர் போடலாமா?

அண்ணாச்சி: போடலாம், ஆனா அதுல இருக்கிற தின்னர் பிளாஸ்டிக்கை இளக்கும், சில டேப்போட பசையையும் கரைக்கும். வேஸ்ட் துண்டுல டேப் ஒட்டி அடிச்சுப் பாருங்க முதல்ல. தூர நின்னு, தூசி மாதிரி விழுற அளவுக்கு மெல்லிசா அடிங்க. ஈரமா நனைஞ்சு பளபளத்தா ஆபத்து.

தொகுப்பாளர்: கடைசியா, இப்பதான் ஆரம்பிக்கிற பையனுக்கு ஒரே ஒரு வார்த்தை சொல்லுங்க அண்ணாச்சி.

அண்ணாச்சி: அந்த மேட்டை அசல் விமானத்துல யார் வச்சாங்க, எதுக்கு வச்சாங்கன்னு முதல்ல கேளு. துணிக்காரன் நூல் முடிச்சை மூட வச்சான். டைஃபூன்ல வால் முறியாம இருக்க வச்சாங்க. காரணம் தெரிஞ்சா உயரமும் தெரிஞ்சிடும். அது தெரிஞ்ச பிறகு டேப்பை எடு. ஒட்டுறதா, தடுப்பா வைக்கிறதான்னு உனக்கே புரியும்.

தொகுப்பாளர்: அடுத்த பகுதியில் சில்வர் பெயிண்ட். டோப் அடித்த துணியும் உலோகத் தகடும் ஒரே வெள்ளி நிறமாகத் தெரிந்தாலும் ஏன் வேறு வேறு பளபளப்பு என்று அண்ணாச்சியிடமே கேட்போம். இருபது அடுக்கு அளந்து பார்த்தவர்கள் உங்கள் ஊர்க் கடை டேப்பின் கனத்தை எழுதி அனுப்புங்கள், சேர்த்து வாசிக்கிறோம்.